இல்யூஷன் கார்டு செட்: கார்டு சூப்பர், புக்லெட் வேஸ்ட் (3/5)

லீவுல பையன் கையில இருந்து மொபைலைப் புடுங்க ஒரு வழி வேணும்னு ஆன்லைன்ல இல்யூஷன் கார்டு (கண்ணை ஏமாத்துற படம்) செட் ஒண்ணு வாங்கினேன், 24 கார்டு, 349 ரூபா. அட்டை நல்ல தடிமன், மேட் ஃபினிஷ், லைட் பட்டு கண்ணு கூசல.

முதல் கார்டே ஹெர்மன் கட்டம், 1870லயே வந்த பழைய சரக்கு. கறுப்பு சதுரம், நடுவுல வெள்ளை சந்து, சந்தும் சந்தும் சேருற முக்குல எல்லாம் சாம்பலா ஒரு அழுக்கு தெரியும். பையன் விரலை வச்சு துடைச்சே பாத்தான். அவன் பாக்குற முக்குல அழுக்கு இல்ல, பக்கத்து முக்குல இருக்கு, அங்க பாத்தா இங்க வந்துடுது.

இதுக்கு புக்லெட்ல "கண் சோர்ந்துவிடுவதால்"னு ஒரு வரி. கடுப்பாயிட்டேன். கண்ணுக்குள்ள இருக்குற எந்த செல்லும் தனியா முடிவு பண்றதில்லங்க, அக்கம்பக்கம் சேந்துதான். தான் கவனிக்கிற வட்டத்துக்கு நடுவுல வெளிச்சம் பட்டா துள்ளுற செல்லு, சுத்தியும் வெளிச்சம் பட்டா அடங்கிடும், இதை குஃப்லர்ங்கற விஞ்ஞானி 1953லயே பூனையோட ரெட்டினாவுல, அதாவது விழித்திரையில காட்டிட்டாரு. முக்குல நாலு பக்கமும் வெள்ளை, சந்துல ரெண்டே பக்கம், அதனால முக்குல அமுக்கு ஜாஸ்தி, மங்கலாத் தெரியுது. நேரா பாக்குற இடத்துல ஒவ்வொரு செல்லும் கவனிக்கிற வட்டம் ரொம்பச் சின்னது, சந்துக்குள்ளயே அடங்கிடும், அதான் அங்க அழுக்கு காணோம்.

சரி புரிஞ்சுடுச்சுன்னு நெனச்சா 17வது கார்டு மண்டையில கொட்டுது. அதே கட்டம், கோடு மட்டும் நெளிநெளியா. அழுக்கு சுத்தமாப் போச்சு! வெள்ளை கிட்டத்தட்ட அதே அளவுதான், அப்ப ரெட்டினா கதை மட்டும் பத்தாது, கோடு எப்படி ஓடுதுன்னு பாக்குற மூளை செல்லுங்களையும் இழுக்கணும். ஹியூபல், வீசல்னு ரெண்டு விஞ்ஞானிங்க பூனைக்கு புள்ளி புள்ளியா காட்டி ஒண்ணும் நடக்காம, ஸ்லைடு மாத்துறப்ப கண்ணாடி ஓரத்தோட நிழல் கோடா நகந்ததும் அதோட மூளை செல்லு படபடன்னு பொரிஞ்சுதாம், அந்த வேலைதான் 1981 நோபல் வரைக்கும் போச்சு. இந்த 17வது கார்டுக்கு புக்லெட்ல ஒரு வார்த்தை இல்ல.

இன்னொண்ணு, 9வது கார்டு. கறுப்பு மேலயும் வெள்ளை மேலயும் ஒரே சாம்பல் சதுரம் இருக்கணும், வேற வேற மாதிரி தெரியணும், அதான் மேட்டர். பேப்பர்ல ரெண்டு ஓட்டை போட்டு சுத்தி இருக்கறதை மறைச்சுப் பாத்தேன், நெஜமாவே வேற வேற சாம்பல், பிரிண்டிங்ல சொதப்பிட்டாங்க. விக்கிறவங்களுக்கு போட்டோவோட மெசேஜ் போட்டா வந்த பதில்: "அது இல்யூஷன் சார், அப்படித்தான் தெரியும்."