தக்கலைப் பக்கம் ஒரு மோட்டார் வைண்டிங் கடை

பத்து நாள் முன்னால் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் உறுமியதோடு சரி, சுற்றவில்லை. முதலில் ஒரு சர்வீஸ் நிறுவனத்தைத்தான் கூப்பிட்டேன். வந்தவர் நீட்டிய அட்டையில் 'கஸ்டமர் சக்சஸ் மேனேஜர்' என்று இருந்தது. மூடியைக்கூடக் கழற்றாமல் புது மோட்டார் வாங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் மச்சான் சொல்லி, தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் ரோட்டில் இருக்கும் இந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பலகையில் 'மோட்டார் வைண்டிங்' என்று மட்டும் எழுதியிருக்கிறது, கடைக்குப் பெயர் கிடையாது. அண்ணாச்சி மோட்டாரைப் பிரித்து, கருகிக் கிடந்த காயிலைக் காட்டி, "மோந்து பாரு மக்கா" என்றார். மோட்டார் கிளம்ப உந்துதல் கொடுக்கும் கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்தார். மேலே 20 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டர் 12 காட்டியது. அது பலம் இழந்ததால் மோட்டார் கிளம்ப முடியாமல் திணறிச் சூடேறி எரிந்திருக்கிறது, காயிலை மட்டும் மாற்றினால் மறுபடி எரியும் என்று பொறுமையாகச் சொன்னார். பழைய காயிலில் எத்தனை சுற்று என்று எண்ணி, கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரில் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார். அலுமினியக் கம்பி போட்டால் செலவு குறையும், ஆனால் சூடு கூடும் என்று அவரே சொன்னதால் காப்பரே போடச் சொன்னேன். வார்னிஷ் அடித்தபின் உள்ளே குண்டு பல்பை எரியவிட்டுக் காயவைக்கிறார்கள். மழை பெய்துகொண்டிருந்ததால் ஒரு நாள் தாமதம். கெப்பாசிட்டரும் சேர்த்து 2,600 ரூபாய், கருகின பழைய கம்பியையும் பையில் போட்டுத் திருப்பித் தந்தார்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. நான் பதினோரு வருஷம் சென்னையில் ஐடியில் இருந்தவன். கடைசிப் பதவி உயர்வில் சம்பளம் கூடவில்லை, மேனேஜருக்கு முன்னால் 'சீனியர்' மட்டும் வந்தது, அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு வருஷம் தூக்கம் கெட்டேன். என்ன வேலை என்று அம்மா கேட்டால் பதவியைச் சொல்வேன், அன்று என்ன செய்தேன் என்று சொல்ல எனக்கு வார்த்தை வராது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பதவி ஆசை கொஞ்சம் கூடுதல்தான். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் வந்த ஊர், அது பெருமைதான். ஆனால் கல்யாண அழைப்பிதழில் பெயரைவிட அதன் கீழே அச்சடிக்கும் டிகிரியையும் பதவியையும் அல்லவா முதலில் படிக்கிறோம்?

கடையில் கோணம் அரசு ஐடிஐயில் படித்த ஒரு தம்பி இருக்கிறான். காயிலை ஸ்லாட்டுக்குள் ஒரு கம்பி உரசாமல் இறக்குகிறான், அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வைண்டிங் வேலை என்று சொன்னால் பெண் கொடுக்க யோசிக்கிறார்களாம். கேட்டதும் மனசு கனத்துவிட்டது. அவன் கட்டிய மோட்டாரில்தான் இன்று எங்கள் வீட்டில் ஐந்து பேர் குளித்தோம்.

குறை என்றால், போனை எடுக்கவே மாட்டார்கள், நேரில்தான் போகவேண்டும். காலை பத்து மணிக்குள் போனால் அண்ணாச்சியே பிரித்துப் பார்ப்பார். ஞாயிறு விடுமுறை. பழைய கெப்பாசிட்டரை வீட்டில் வீசிவிடாமல் மோட்டாரோடு கொண்டுபோங்கள்.