உலோகத்துக்கு ஒட்டும் ரெசின் சிமென்ட்: ஒன்பது ஆண்டுப் பழக்கத்தில் ஒரு கோபம்

பல்லை மூடும் உலோகக் கிரவுன்களையும், இழந்த பல்லுக்கு ஈடாக வைக்கும் பிரிட்ஜ்களையும் ஒட்டுவதற்கு நான் வைத்திருக்கும் ரெசின் சிமென்டையே, அதாவது பிசின் வகைப் பசையையே, தாமும் வாங்கலாமா என்று சக பல் மருத்துவர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். அவர் கேட்ட நாள் நல்ல நாளன்று. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே சிமென்டால் நான் ஒட்டிய தங்கக் கலவை ஆன்லே (பல்லின் மேற்பகுதியை மூடும் வார்ப்பு) ஒன்று, காகிதத்தில் மடிக்கப்பட்டு அன்று காலையில்தான் திரும்பி வந்திருந்தது.

அதன் உட்புறம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது; சிமென்ட் முழுவதும் பல்லிலேயே தங்கிவிட்டது. அதாவது, பல்லோடு கொண்ட பிடியை விடாத பொருள் உலோகத்தைக் கைவிட்டிருக்கிறது. இதில் உள்ள எம்டிபி என்ற மூலக்கூறின் பாஸ்பேட் முனை, நிக்கல்-குரோமியம், கோபால்ட்-குரோமியம் போன்ற கலவைகளின் மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலத்தைப் பற்றிக்கொள்கிறது. தங்கத்தில் அப்படிப்பட்ட படலம் ஏது? அதற்குக் ஒட்டுவதற்குமுன் கந்தகம் கொண்ட பிரைமர் என்ற திரவத்தைத் தனியே பூச வேண்டும். பெட்டியோடு வந்த தாளில் இது பொடி எழுத்தில் ஒரே ஒரு வரியாக இருக்கிறது. பிரைமரையோ தனியாகத்தான் வாங்க வேண்டும். இதற்காக உற்பத்தியாளர் மீது எனக்கு வந்த எரிச்சல், என் பழைய குறிப்பேட்டைப் புரட்டியதும் சற்று அடங்கியது. "சாண்ட்பிளாஸ்ட், சிமென்ட்" என்று, அதாவது தூள் வீசிச் சொரசொரப்பாக்கியதையும் ஒட்டியதையும் மட்டும் எழுதியிருக்கிறேன்; பிரைமரைக் காணோம்.

நிக்கல்-குரோமியத்தில் இதே சிமென்ட் வேறு பிறவி. 1973இல் ரோஷெட் என்ற பல் மருத்துவர், பக்கத்துப் பற்களின் பின்புறம் ஒட்டும் உலோக இறக்கைகளில் துளையிட்டு, அத்துளைகளுக்குள் ரெசின் புகுந்து பிடிக்கும்படி பிரிட்ஜ் செய்தார். 1980களின் தொடக்கத்தில் மேரிலாண்ட் பிரிட்ஜ் வந்தபோது மின்பகுப்பால் உலோகத்தை அரித்துச் சொரசொரப்பாக்கினார்கள். இன்று 50 மைக்ரான் அலுமினாத் தூளை வீசி, வாயில் பொருத்திப் பார்த்தபின் உமிழ்நீர் பட்ட பரப்பில் மறுபடியும் ஒருமுறை வீசினால் அந்தப் பாடெல்லாம் வேண்டியதில்லை. நான் ஒட்டிய இறக்கைப் பிரிட்ஜ் ஒன்று கழன்று வந்தபோது சிமென்ட் உலோகத்திலேயே அப்பிக்கொண்டிருந்தது, எனாமல்தான் விட்டுக்கொடுத்திருந்தது. தோல்விதான் என்றாலும், அதைப் பார்த்து உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை மறைப்பானேன்.

ஆனால் ஒன்பது ஆண்டுகளாக என் பொறுமையைத் தின்பது ஒட்டும் திறன் அல்ல, வெளியே பிதுங்கும் மிச்சம். காற்றின் ஆக்சிஜன் பட்டுக்கொண்டிருக்கும்வரை இந்தச் சிமென்ட் இறுகாது. கலக்கும் தாளில் பரப்பி வைத்தால் சோம்பிக் கிடக்கும், இறக்கைக்கு அடியில் காற்றில்லாத இடத்துக்குப் போனதும் விறுவிறுவென்று கெட்டியாகிவிடும். உலோகம் ஒளியை உள்ளே விடாது என்பதால் இந்தக் குணம் நமக்குத் தேவையானதே. விளிம்பில் காற்றுபடும் பகுதி மட்டும் இளகி நிற்கும். அது இறுகுவதற்காக மேலே ஆக்சிஜனைத் தடுக்கும் ஜெல்லைப் பூச வேண்டும். அவசரப்பட்டுத் துடைத்தால் விளிம்புக்குள் இருக்க வேண்டியதும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஜெல் பூசிவிட்டு அடுத்த பல்லைச் சற்றுக் கவனித்துத் திரும்பினால், ஈறுக்கடியில் கல்லாகச் சமைந்திருக்கிறது. பிறகு சுரண்டியெடுக்கும் ஸ்கேலரும் கையுமாகப் போராட்டம், நோயாளியின் ஈறில் இரத்தம். உலோகத்தின் சாம்பல் நிறம் முன்பற்களில் தெரியாமலிருக்க வாங்கும் ஒளிபுகா வெள்ளை, மிச்சம் எங்கே இருக்கிறது என்பதையாவது காட்டிக்கொடுக்கிறது. பல்நிறத்தில் வாங்கியவர்கள் விரல் நுனியால் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நண்பரிடம், வேண்டாம், மிச்சத்தை எளிதாகப் பெயர்த்தெடுக்கும்படியான வேறொன்றை வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். அன்று மாலை அந்த ஆன்லேயின் உட்புறத்தில் அலுமினா வீசி, கந்தகப் பிரைமர் பூசி, அதே சிமென்டால் ஒட்டினேன். மிச்சத்தை எடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. குறிப்பேட்டில் இம்முறை பிரைமரின் பெயரையும் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.