கல்லாவில் அவரே நிற்பார்: சிகாகோவின் ஹாட் டக்ஸ்

வாத்துக் கொழுப்பில் பொரித்த ஃப்ரைஸ் வெள்ளியும் சனியும் மட்டும்தான். ஞாயிறு கடை கிடையாது. மாலை 4 மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். கார்டு செல்லாது, ரொக்கம் மட்டும். இத்தனை கறாராக இருந்த ஒரு கடையின் வாசலில் வருடம் முழுக்க, மைனஸ் டிகிரி குளிரிலும் ஜனம் வரிசை கட்டி நின்றது என்றால் அங்கே சாப்பிடாதவர்கள் நம்ப மாட்டார்கள். சிகாகோவில் எனக்குப் பல வருடம் பழக்கமாக இருந்த ஹாட் டக்ஸ் என்ற ஹாட் டாக் (பன்னுக்குள் வைத்த சாசேஜ்) கடையைப் பற்றித்தான் சொல்கிறேன். 2014 அக்டோபர் 3ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். நஷ்டமும் இல்லை, வாடகைத் தகராறும் இல்லை. வியாபாரம் உச்சத்தில் இருந்தபோதே முதலாளி போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

முதலாளி டக் சோன். சமையல் பள்ளியில் முறையாகப் படித்தவர், சமையல் புத்தகங்களுக்கு எடிட்டராக இருந்தவர். 2001இல் முதல் கடையைத் தொடங்கினார். 2004இல் அது தீப்பிடித்து எரிந்த பிறகு, ஆவன்டேல் பகுதியில் கலிஃபோர்னியா அவென்யூவுக்கு மாறினார். எனக்குத் தெரிந்தது இந்த இரண்டாவது கடைதான். சுவரெல்லாம் அடர்ந்த வண்ணம், எங்கே திரும்பினாலும் ஹாட் டாக் பொம்மையும் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் படமும்.

சாப்பாட்டுக்கு முன்னால் கல்லாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அங்கே டக் சோன் ஒருவர்தான் நிற்பார், மூக்குக்கண்ணாடியோடு. ஆர்டர் எடுப்பது, காசு வாங்குவது எல்லாம் அவரே. வெளியே தெருமுனை வரைக்கும் கூட்டம் நின்றாலும் அவருக்குப் பதற்றமே வராது. முன்னால் நிற்பவர் முதல்முறை வந்தவர் என்றால் மெனுவை விளக்குவார், குழந்தைகளிடம் இரண்டு வார்த்தை பேசுவார், தெரிந்த முகமென்றால் கிண்டல் அடிப்பார். வரிசை மெதுவாக நகர்ந்ததற்கு அதுவே காரணம். ஆனால் அதிலேயே ஒரு சூட்சுமமும் இருந்தது. ஆர்டர்கள் ஒரே சீராக உள்ளே போவதால் சமையலறை திணறாது. காசு கொடுத்துவிட்டுத் திரும்பினால் எப்படியும் ஒரு மேசை காலியாகும். இரண்டாவது ஆளை இன்னொரு கல்லாவில் உட்கார வைத்திருந்தால் வரிசை பாதியாகியிருக்கும், உள்ளே தள்ளுமுள்ளு ஆகியிருக்கும். வேகமாக வியாபாரம் பண்ணுகிற இடங்களில் இன்று டிரே ஏந்திக்கொண்டு உட்கார இடம் தேடும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

சரி, சாப்பாடு. மெனுவில் எளிமையானது வெறுமனே ‘தி டாக்’, அதாவது சிகாகோ பாணி ஹாட் டாக். மாட்டிறைச்சி சாசேஜ், கசகசா தூவிய பன், மஞ்சள் மஸ்டர்ட், கண்ணைப் பறிக்கும் பச்சை ரெலிஷ் (பொடியாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாய்), வெங்காயம், தக்காளி, ஒரு நீள ஊறுகாய் வெள்ளரி, மேலே செலரி உப்பு. வினிகரில் ஊறிய குட்டி மிளகாயும் உண்டு, நம் நாக்குக்கு அது போதாது. கெட்சப்புக்கு இந்த ஊரில் இடமில்லை, கேட்டால் பக்கத்தில் நிற்பவர் முறைப்பார். ஆவியில் வேக வைத்தது, கரியில் வாட்டியது, எண்ணெயில் பொரித்தது என்று கேட்கலாம். என் ஓட்டு வாட்டியதற்கு. தோல் லேசாகக் கருகி, கடிக்கும்போது படக்கென்று வெடிக்கும். உள்ளே சாறு. அந்த ஒரு கடியிலேயே வரிசையில் நின்ற அலுப்பு போய்விடும்.

ஊர் உலகமெல்லாம் பேசியது இதைப் பற்றி அல்ல. முதலை, கிலுகிலுப்பைப் பாம்பு, காட்டுப்பன்றி என்று வாரத்துக்கொரு விசேஷ சாசேஜ் பலகையில் ஏறும். எல்லாவற்றுக்கும் ராஜா, ஃபுவா க்ரா வைத்த வாத்து சாசேஜ். வாத்தைத் திணித்துத் திணித்து ஊட்டி எடுக்கிற ஈரல் என்பதால் 2006இல் நகர சபை அதை உணவகங்களில் விற்கத் தடை போட்டது. சோன் விற்பதை நிறுத்தவில்லை, அந்தத் தடையைக் கொண்டுவந்த கவுன்சிலர் ஜோ மூரின் பெயரையே ஒரு ஹாட் டாக்குக்கு வைத்தார். 2007இல் 250 டாலர் அபராதம் கட்டினார். தடையை மீறி அபராதம் கட்டிய முதல் ஆள் அவர்தான். 2008இல் சபையே தடையை நீக்கிவிட்டது. வெள்ளைத் துணி விரித்த ஓட்டல்களில் பரிமாறும் சமாச்சாரத்தை, காகிதம் விரித்த பிளாஸ்டிக் கூடையில் வைத்துக் கொடுத்த அந்தக் குறும்பு எனக்குப் பிடித்தது. வாத்தின் பாடு வேறு விஷயம், அதில் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை. ருசியாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டு வாய்க்குமேல் திகட்டும். மறுபடி மறுபடி என்னை இழுத்தது ‘தி டாக்’தான்.

வாத்துக் கொழுப்பு ஃப்ரைஸுக்கு அத்தனை ஆர்ப்பாட்டம் தேவையா என்றால், சூடாக இருக்கும்வரை தேவை. ஆறிவிட்டால் எல்லா ஃப்ரைஸும் ஒன்றுதான்.

மாட்டிறைச்சி சாப்பிடாத நண்பர்களை அழைத்துப் போவதில் எனக்குச் சிக்கல் இருந்ததில்லை. வெஜ் டாக் உண்டு. அதையும் அதே அக்கறையோடு வாட்டிக் கொடுப்பார்கள். இருந்தாலும் சைவ நண்பரை அந்தக் குளிரில் நிற்க வைப்பது கொஞ்சம் அநியாயம்தான்.

மூடப்போவதாக 2014 மே மாதம் சொன்னதும் வரிசை மணிக்கணக்கில் நீண்டது. கடைசி நாளில் விடிவதற்கு முன்பே ஆட்கள் வந்து இடம் பிடித்தார்கள். அத்தனை பேர் வாங்கத் தயாராக இருக்கும்போது ஏன் கடையை விற்கக்கூடாது, ஏன் நாலு கிளை திறக்கக்கூடாது என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். நானும் கேட்டேன். இப்போது அந்தக் கேள்வியே எனக்கு அர்த்தமில்லாததாகப் படுகிறது. கல்லாவில் நிற்கிற ஆள்தான் கடை என்று ஆன பிறகு கிளையில் யாரை நிறுத்துவது? 2015இல் ரிக்லி ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்தின் பிளீச்சர்ஸ் எனும் திறந்தவெளி இருக்கைகள் பக்கம் ஹாட் டக்ஸ் பெயரில் ஒரு ஸ்டால் வந்தது. நல்ல சாசேஜ்தான் போடுகிறார்கள். ஆட்டம் பார்க்கப் போனால் தயங்காமல் வாங்குங்கள். அதற்கென்றே டிக்கெட் எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

இப்போது எனக்கு ஹாட் டாக் ஆசை வந்தால் சிகாகோவை ஒட்டிய ரிவர் குரோவில் இருக்கும் ஜீன் அண்ட் ஜூட்ஸ் வரை வண்டி ஓட்டுவேன். 1946இலிருந்து நடக்கிற கடை. தக்காளி கிடையாது, உட்கார நாற்காலியும் கிடையாது. ஃப்ரைஸை ஹாட் டாக்கின் தலையிலேயே கொட்டிக் காகிதத்தில் சுருட்டித் தருவார்கள். யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், வரிசை மட்டும் சரசரவென்று நகரும்.