ஒதுக்கீடு இருக்கும், கட்டுநிதி வராது: அமெரிக்க அரச ஊழியருக்கான ஒரு காப்புறுதித் திட்டம் பற்றிய மதிப்பீடு

மட்டக்களப்பில் பிரதேச செயலகமொன்றின் கணக்குக் கிளையில் முப்பது வருடங்கள் வவுச்சர் பார்த்தவன் என்ற ஒரே தகுதியுடன்தான் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். அமெரிக்காவின் மேரிலாந்தில் மத்திய அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் வேலை பார்க்கும் என் மருமகள் (அக்காவின் மகள்), தான் 2025 ஜனவரியில் சேர்ந்த சுகாதாரக் காப்புறுதித் திட்டத்தின் கையேட்டையும் அந்த வருடத்துப் பற்றுச்சீட்டுகளையும் நவம்பரில் வட்ஸ்அப்பில் அனுப்பி, “மாமா, காலம் முழுக்க வவுச்சர் பார்த்த ஆள்தானே நீங்க, இதையும் ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க, மாறுறதா இருக்கிறதா எண்டு” என்றாள். அங்குள்ள அரச ஊழியர்கள் வழமையாக வருடத்துக்கு ஒரு முறை, நவம்பர் நடுப்பகுதி தொடங்கி டிசம்பர் நடுப்பகுதி வரையில்தான் திட்டத்தை மாற்றிக்கொள்ள முடியும் என்பதால் அவளுக்கு அவசரம். திட்டத்தின் பெயரை எழுதவில்லை. தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

இந்த வகைத் திட்டத்தின் சாரம் டிடக்டிபிள் என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. வருடத்தின் முதல் மருத்துவச் செலவிலிருந்து ஒரு குறிப்பிட்ட தொகை வரை முழுவதையும் நாமே கட்ட வேண்டும். அந்தத் தொகை தீர்ந்த பிறகுதான் காப்புறுதி நிறுவனம் தன் பங்கைக் கட்டத் தொடங்கும். இந்தத் தொகை உயர்வாகவும் மாதாந்தக் கட்டுப்பணம் குறைவாகவும் இருப்பதே இத்திட்டத்தின் அடையாளம். எவ்வளவு உயர்ந்தால் இந்த வகைக்குள் சேரும் என்பதை அந்நாட்டு வரிச்சட்டம் ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறது: 2026 இல் தனியாளுக்குக் குறைந்தது 1,700 டொலர், குடும்பத்துக்கு 3,400 டொலர். மருமகளின் குடும்பத்துக்கு அது 3,600.

கட்டுப்பணம் ஏன் இவ்வளவு குறைவு என்று முதலில் சந்தேகப்பட்டேன். எல்லாத் திட்டங்களினதும் நிறையிட்ட சராசரிக் கட்டுப்பணத்தில் 72 வீதம், அல்லது அந்தத் திட்டத்தின் சொந்தக் கட்டுப்பணத்தில் 75 வீதம், இரண்டில் எது குறைவோ அதையே அரசாங்கம் கட்டுகிறது. ஆகவே மலிவான திட்டத்தில் ஊழியரின் தலையில் விழுவது காற்பங்கு மட்டுமே. விலையுயர்ந்த திட்டத்தில் சராசரியின் அந்த 72 வீதத்துக்கு மேற்பட்ட மிச்சமெல்லாம் ஊழியருடையது. அவள் முன்பு இருந்த வழமையான திட்டத்துக்கு ஒவ்வொரு சம்பளத்திலும் 260 டொலர் போனது, இதற்கு 160. வித்தியாசம் 100. நான் அதை 24 ஆல் பெருக்கிவிட்டேன். அங்கே மாதத்துக்கு இரு தடவை சம்பளம் என்று நினைத்தது என் பிழை; இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்பதால் வருடத்துக்கு 26 சம்பளம். வருட மிச்சம் 2,400 அல்ல, 2,600. ஐந்தாறு தடவை கூட்டிப் பார்த்த தாளில் மருமகள்தான் அதைக் கண்டுபிடித்தாள் என்பதை எழுதாமல் விட்டால் அவள் விடமாட்டாள்.

இதற்கு மேல், கட்டப்படும் கட்டுப்பணத்தில் ஒரு பகுதியைத் திட்டமே மாதம் 150 டொலராக, மருத்துவச் செலவுக்கென்றே அவள் பெயரில் உள்ள சுகாதாரச் சேமிப்புக் கணக்கில் வைப்பிலிடுகிறது; வருடத்துக்கு 1,800. இரண்டையும் கூட்டினால் 4,400 டொலர் அவள் பக்கம். பழைய திட்டத்தில் டிடக்டிபிள் 700 என்பதால், இங்கே அவள் மேலதிகமாக ஏற்கக்கூடியது 2,900. டிடக்டிபிள் முழுவதையும் கட்டித் தீர்த்த வருடத்திலும் 1,500 மிச்சம். தாளில் பார்த்தால் இது தோற்க வழியில்லாத திட்டம்.

ஆனால் அரச அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவனுக்கு ஒதுக்கீடு வேறு, கட்டுநிதி (செலவுக்காகக் கையில் வந்து சேரும் காசு) வேறு என்பது தெரியும். வருட வரவுசெலவு மதிப்பீட்டில் பணம் இருக்கும். வவுச்சர் மேசைக்கு வரும் நாளில் திறைசேரியிலிருந்து கட்டுநிதி வந்திராது. இத்திட்டத்தின் உண்மையான செலவு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. 2025 பெப்ரவரி இரண்டாம் வாரத்தில் அவளுடைய மகன் உறைபனியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டான். அதுவரை திட்டம் இரண்டு மாத வைப்பாக 300 டொலர் போட்டிருந்தது. கட்டுப்பணத்தில் மிஞ்சியது மூன்று சம்பளத்தில் 300. கையில் 600 இருக்க, கட்ட வேண்டியதோ 2,350. திட்டத்திலிருந்து ஒரு சதமும் வராது, ஏனென்றால் டிடக்டிபிள் இன்னும் தீரவில்லை. ஆறு தவணைகளாகக் கட்டி முடித்தாள்.

அந்தச் சம்பவத்தின் கடிதங்களை நான் வரிசைப்படுத்திப் பார்த்தேன். வைத்தியசாலையின் முதல் பட்டியலில் இருந்த தொகை 4,100 டொலர். பத்து நாள் கழித்துக் காப்புறுதி நிறுவனம் அனுப்பிய விளக்கத் தாளில் மூன்று நிரல்கள்: வைத்தியசாலை கேட்டது, நிறுவனத்துடனான ஒப்பந்த விலை, நீங்கள் கட்ட வேண்டியது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே தொகை, 2,350. நிறுவனம் ஒன்றும் கட்டாத காலத்திலும் அதன் ஒப்பந்த விலை நமக்குக் கிடைக்கிறது என்பது இத்திட்டத்தின் பெரிய நன்மை. விளக்கத் தாள் வருமுன் முதல் பட்டியலுக்குக் காசு கட்டுவது பெரிய மடத்தனம். மருமகள் பயத்தில் கட்டப்போனவள், புருஷன் தடுத்திருக்கிறான்.

தடுப்பூசி, வருடாந்தப் பரிசோதனை போன்றவை ஒப்பந்த வைத்தியர்களிடம் முதல் நாளிலிருந்தே இலவசம். குறையில்லை.

சேமிப்புக் கணக்கைப் பற்றித்தான் இங்குள்ள உறவினர்களுக்கு, எதற்கும் எடுக்கலாம் என்ற தவறான எண்ணம் உண்டு. அதில் போடும் பணத்துக்கு மத்திய வருமான வரி இல்லை. வருட முடிவில் காலாவதியாகாது. வேலையை விட்டாலும் அவளுடையதே. திட்டத்தின் வைப்பும் சேர்த்து 2026 இல் குடும்பத்துக்கு 8,750 டொலர் வரை போடலாம். ஆனால் மருத்துவமல்லாத செலவுக்கு 65 வயதுக்கு முன் எடுத்தால் வரியோடு 20 வீதத் தண்டமும் உண்டு. என் அக்காவுக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தபோது, கொழும்பில் தனியாரிடம் செய்விக்க இந்தக் கணக்கிலிருந்து எடுக்கலாமா என்று மருமகள் கேட்டாள். முடியாது. அந்நாட்டுப் பிரசையோ அங்கு வசிப்பவரோ அல்லாத தாய், வரிச்சட்டத்தின்படி தங்கிவாழ்பவராகக் கணக்கில் வரமாட்டார். அவள் சம்பளத்திலிருந்துதான் அனுப்ப வேண்டும். அதேவேளை, ஓகஸ்ட் விடுமுறையில் இங்கு வந்தபோது பையனின் காய்ச்சலுக்கு நகரில் கட்டிய வைத்தியர் கட்டணத்தை அந்தக் கணக்கிலிருந்து மீளப் பெறலாம். அதற்குக் காலக்கெடுவும் இல்லை. பற்றுச்சீட்டு மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும். ரூபாயில் எழுதப்பட்ட அந்தச் சீட்டைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, மூலப்பிரதியைக் கோப்பில் போட்டிருக்கிறேன்.

இலங்கை அரச ஊழியருக்கான நம்முடைய அக்ரஹார மருத்துவக் காப்புறுதியோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. நான் வேலையில் இருந்தபோது சம்பளத்தில் மாதம் 125 ரூபாய் கழிந்தது. அதில் உச்சவரம்பு வரை கிடைக்கும், அதற்கு மேல் நம் பாடு. அமெரிக்கத் திட்டம் இதன் தலைகீழ்: தொடக்கம் நம் பாடு, ஆனால் ஒப்பந்த வைத்தியசாலைகளில் நம் கைச்செலவு ஓர் எல்லையைத் தொட்டதும் மிகுதி முழுவதும் நிறுவனத்தினுடையது. 2026 இல் அந்த எல்லை குடும்பத்துக்கு 17,000 டொலரைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். மருமகளின் திட்டத்தில் 12,000. போதனா வைத்தியசாலையில் துண்டு எடுத்து வரிசையில் நின்று இலவசமாக மருந்து வாங்கும் நமக்கு இரண்டுமே விசித்திரம்தான்.

அவளுக்கு நான் சொன்னது, அதே திட்டத்தில் இருக்கலாம் என்பது. நிபந்தனை ஒன்று: சம்பளத்தில் மிஞ்சும் அந்த 100 டொலரைச் சம்பள உயர்வாக எண்ணாமல், ஒவ்வொரு தடவையும் சேமிப்புக் கணக்கிலேயே போட வேண்டும், 3,600 சேரும் வரை. கையிருப்பே இல்லாத புதிய ஊழியருக்கும், ஒவ்வொரு மாதமும் விலையுயர்ந்த மருந்து வாங்க வேண்டிய குடும்பத்துக்கும் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நவம்பர் கடைசியில் அவள் கணக்கில் 2,100 டொலர் இருந்தது. பையனைப் பனியில் விளையாட விடுவதில்லை என்று அக்கா சொல்கிறாள்.