மலை ரயில் நிலையங்கள் வரிசையாக நினைவில் நிற்க: உருப்போடுவதா, வீட்டுக்குள் அடுக்குவதா?

குன்னூரில் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப் போகிறவன் நான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், பன்னிரண்டு நிலையப் பெயர்கள். வரிசை பிசகாமல் வர வேண்டும். இரண்டு வழியிலும் படித்துப் பார்த்து ஒன்றில் நிலைத்துவிட்டேன்.

உருப்போடுவது பள்ளியில் எல்லோரும் செய்ததுதான். மேட்டுப்பாளையம், கல்லாறு என்று தலை சீக்கிரம் பிடிபடும். லவ்டேல், ஊட்டி என்று வாலும் அப்படித்தான். நடுவில் அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு மூன்றும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். 1885இல் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே உருப்போட்டு எண்ணிப் பார்த்தார். ஏழு அசைகள் ஒரே வாசிப்பில் நின்றன. பன்னிரண்டுக்கு ஏறக்குறைய 17 தடவை தேவைப்பட்டது. நம் கணக்கும் பன்னிரண்டுதான்!

இன்னொரு வழி, பழகிய இடத்தில் ஒவ்வொரு பெயரையும் படமாக வைப்பது. என் வீட்டு கேட்டில் உருளைக்கிழங்கு மூட்டை, அது மேட்டுப்பாளையம். வாசற்படியில் ஆற்றுக்கல், கல்லாறு. செருப்பு ஸ்டாண்டில் அடர்ந்த புதர், அடர்லி. ஹால் சோபாவில் குரங்குக் கூட்டம், ஹில்குரோவ் (அங்கே இறங்கியவர்களுக்குப் புரியும்). மாடிப்படியில் மேடேறி ஓடுகிறவன் ரன்னிமேடு. அவனைத் துரத்துவது காட்டேரி. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி எல்லாம் தினமும் பஸ்ஸில் கடக்கிற ஊர்கள், அவற்றுக்கு மெனக்கெடவில்லை.

என்னை இந்தப் பக்கம் சாய்த்தது பயணிகள் கேட்கும் விதம். யாரும் முதலிலிருந்து கேட்பதில்லை. "ரன்னிமேட்டுக்கு அடுத்து என்ன அண்ணா?" என்பார்கள். உருப்போட்டவன் மேட்டுப்பாளையத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு பெயர் விட்டுப்போனால் அதற்குப் பின்னால் இருப்பதும் வராது. வீட்டிலோ நேராக மாடிப்படிக்குப் போய்விடலாம். சோபா காலியாகத் தெரிந்தாலும் படியில் ஆள் ஓடிக்கொண்டுதான் இருப்பான். ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டி என்றால் மாடியிலிருந்து கேட்டுக்குத் திரும்பி நடந்தால் சரி. பராமரிப்பும் அவ்வளவுதான், டீ வரும்வரை மனதுக்குள் ஒரு சுற்று.

ஒரே வீட்டில் இரண்டு பட்டியலை வைத்தால் குழம்பும். அடுத்ததற்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டு ஏறும் வழியை ஒதுக்கியிருக்கிறேன். நூறு பெயர்ப் பட்டியலுக்கு இது தாங்குமா என்று நான் சோதித்ததில்லை. செய்யுளுக்கு மட்டும் உருப்போடுவதுதான் என் ஓட்டு. எதுகையும் மோனையுமே அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்துவிடும்.