வண்டலைப் படுக்கவிடாத ஆய்வகம்

சுவாமிமலையில் சிலை வார்ப்பு அச்சுக்குப் பூசுகிற காவிரி வண்டலில் என்னென்ன கனிமம் இருக்கிறது என்று பார்க்க, தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் எக்ஸ்ஆர்டி எடுத்தேன். பொடியில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அது எந்தெந்தக் கோணத்தில் சிதறுகிறது என்பதை வைத்துக் கனிமத்தைக் கண்டுபிடிக்கிற சோதனை அது.

முன்பு வேறோர் இடத்தில் பொடியைத் தட்டில் கொட்டிக் கண்ணாடியால் அழுத்திவிட்டார்கள். அப்ரகச் செதில்கள் சீட்டுக்கட்டு மாதிரி படுத்துக்கொண்டன. அப்படிப் படுத்தால் அப்ரகத்தின் சிகரம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்; வரைபடத்தில் 8.8 டிகிரியில் அது மலையாக நின்றது. மண்ணில் பாதி அப்ரகம் என்று அறிக்கை வந்தது. ஒரு மாத வேலை வீண்.

இங்கே கருவியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, “அழுத்தாதீங்க தம்பி, பின்பக்கமா நிரப்புவோம்” என்றார். தட்டைச் சொரசொரப்பான கண்ணாடிமேல் கவிழ்த்து, பொடியைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தூவினார். தட்டைச் சுழற்றினால் போதாதா என்று கேட்டேன். சுழன்றாலும் செதில் படுத்தேதான் இருக்குமாம். சரிதானே!

சிகரம் நன்றாகவே இறங்கியது. மிச்சத்துக்கு, வரைபடம் முழுவதையும் பொருத்திக் கனிம அளவைக் காணும் ரீட்வெல்ட் கணக்கில், செதில் படுத்ததைச் சரிக்கட்டும் மார்ச்-டோலாஸ் திருத்தம் போட்டார்கள். அதில் 1 என்றால் ஒழுங்கில்லாமல் கிடக்கிறது. தகடுகள் படுத்தால் எண் குறையும். எனக்கு 0.82 வந்தது.

அப்புறம் களிமண்ணை மட்டும் பிரித்து, அதன் அடுக்குச் சிகரம் தெளிவாகத் தெரியட்டும் என்று, வேண்டுமென்றே கண்ணாடித் தகட்டில் படுக்கவைத்து எடுத்தார்கள். எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தின் ஆவி பட்டதும் 15 ஆங்ஸ்ட்ரம் (ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) அடுக்கு இடைவெளி 17 ஆக விரிந்தது: மான்ட்மோரில்லோனைட் வகை, அதாவது உப்பும் களிமண்!

முடிவு கைக்கு வரப் பத்து நாள் ஆனது. அது மட்டும்தான் குறை.