5 கிலோ பிரியாணி ஆர்டரில் 9,170 ரூபாய் அம்போ! வீட்டு விசேஷத்துக்கு ஹால் புக் பண்ணுகிறவர்கள் கவனிக்கவும்

கடைப் பெயரைப் போடவில்லை. தென்சென்னைப் புறநகரில் தெருவுக்கு ஒன்று இருக்கிற மாதிரிக் கடைதான். கீழே டேபிள், மாடியில் ஐம்பது பேர் உட்காரும் ஏசி ஹால், வாசலில் தம் போட்ட தேக்சா (பிரியாணி அண்டா). நேற்று ராத்திரி அங்கே போன பணம் 9,170 ரூபாய்.

ஆர்டர் இதுதான்: 45 பேர், 5 கிலோ சீரகச் சம்பா மட்டன் பிரியாணி, கிலோ 2,800 வீதம் 14,000. பாதி அட்வான்ஸ்.

பிரியாணித் தொழிலில் கிலோ என்றால் வேகாத அரிசியின் எடையைத்தான் சொல்வார்கள், வெந்த எடையை அல்ல. ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி. ஆம்பூர்ப் பக்கமும் இதே சரிசமக் கணக்குதான். அரிசி தண்ணீர் குடித்து இரண்டரை கிலோ ஆகும். கறி வெந்து மூன்றில் ஒரு பங்கு சுண்டினாலும் 650 கிராம் நிற்கும். வெங்காயம், தக்காளி, எண்ணெய் சேர்ந்தால் 3 கிலோவுக்குக் குறையவே குறையாது. அதனால்தான் கிலோவுக்கு ஒன்பது பேர் என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.

கல்லாவில் இருந்தவரும் அப்படியேதான் சொன்னார். "அண்ணே, கிலோவுக்கு ஒன்பது பேர், அஞ்சு கிலோ போட்டா நாப்பத்தஞ்சு பேரும் வயிறு நெறைஞ்சு போவாங்க. மீந்துபோனா டப்பால கட்டித் தர்றேன்." தேக்சா மூடியைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து வாழையிலைத் துண்டில் வைத்தும் கொடுத்தார். அரிசி உதிரி உதிரியாக, கறி பூவாக. அந்தக் கரண்டியில் விழுந்ததுதான் நம்பிக்கை. சீட்டில் அவர் எழுதியது '5 கி. ம.பி.' மட்டும். அரிசி எத்தனை, கறி எத்தனை என்று ஒரு எழுத்து இல்லை.

கிலோவுக்கு ஒன்று வீதம் மாடிக்கு ஐந்து பக்கெட் வந்தது. 23 பேர் சாப்பிடும்போதே நாலு பக்கெட் காலி. ஐந்தாவதைத் திறக்காமல் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் 1 கிலோ 650 கிராம். பக்கெட்டும் மூடியும் மட்டும் 150 கிராம் வரும். உள்ளே இருந்தது ஒன்றரை கிலோ பிரியாணி. மேலே இரண்டு முட்டை, சுற்றி வறுத்த வெங்காயம், கிளறினால் கறித்துண்டு ஏழு. அதில் மூன்று வெறும் நெஞ்செலும்பு. ஒரு கிலோ கறியை ஐம்பது கிராம் துண்டாகப் போட்டால் இருபது துண்டு வந்திருக்க வேண்டும். ஆக 14,000 ரூபாய்க்கு வந்தது பாதிச் சரக்கு. 7,000 போச்சு. மீதிப் பேருக்கு ஓடிப்போய் வாங்கிய பரோட்டா, சால்னா செலவு இந்தக் கணக்கில் இல்லை.

அடுத்தது பில். 'ஸ்டாஃப் வெல்ஃபேர் 10%' என்று 1,400. அதையும் கூட்டி 15,400-க்கு 5% ஜிஎஸ்டி, 770 ரூபாய். ஹாலில் சொந்தக்காரர்கள் கை கழுவிக்கொண்டு நிற்கும்போது பில்லை நீட்டுவதும் தந்திரம்தான், யாரும் சத்தம் போட மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். 7,000, 1,400, 770. மொத்தம் 9,170.

சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் ஏற்றக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதைச் சேர்த்து ஜிஎஸ்டி போடவும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதைச் செல்லும் என்றது. ஜிஎஸ்டியில் இன்னும் பெரிய கூத்து. பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. கல்லாவுக்குப் பின்னால் ஃபிரேம் போட்டு மாட்டிய ஜிஎஸ்டி சான்றிதழில் 33-இல் தொடங்கும் எண் இருந்தது. ஜிஎஸ்டி தளத்தில் தட்டினால் 'காம்போசிஷன்' என்று வருகிறது, அதாவது சிறு கடைகளுக்கான எளிய வரித் திட்டம். காம்போசிஷன் கடை வரியைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. பில்லின் தலையிலேயே அப்படி அச்சடித்திருக்கவும் வேண்டும்.

20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 30 போட்டிருந்தால் அதில் மட்டும் மல்லுக்கட்ட வேண்டாம். உணவகத்தில் எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. எரிச்சல்தான், என்ன செய்ய.

இன்று காலை கேட்டபோது கிடைத்த பதில்கள்: "கிலோன்னா வெந்த கிலோதான் சார், எல்லாக் கடையிலயும் அப்படித்தான்." (வெந்த கிலோ என்றே வைத்துக்கொண்டாலும் பக்கெட்டுக்கு 2,800 ரூபாயா? ஏழு துண்டுக்கா?) "மாஸ்டர் லீவு." "ஓனர் ஊர்ல இல்ல." "நேத்தே சொல்லியிருக்கலாமே சார்." கடைசியில், "அடுத்த ஆர்டர்ல 500 கொறச்சுக்கறோம்." 9,170-க்கு 500! தராசுப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பியாயிற்று. நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிவு செய்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும், கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, அதற்கும் மனு தயாராகிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சீட்டில் 'அரிசி 5 கிலோ, கறி 5 கிலோ' என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பக்கெட்டை இறக்கும்போதே ஒன்றைத் தராசில் வையுங்கள், 3 கிலோ இல்லையென்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத பில்லுக்கு ஜிஎஸ்டி கட்டாதீர்கள். ஏற்கெனவே எங்காவது அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றே போய்ச் சீட்டைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.